ஆத்துல கயாக் ஓட்டணுமா? தாமிரபரணிக்காரங்களுக்கு முதல் முங்குல இருந்து அருவி வரைக்கும் ஒரு முழு வழிகாட்டி

கயாக் (ஒரு ஆளு உக்காந்து துடுப்பு போடுற சின்ன போட்) கத்துக்கிடணும்னு வாரவங்க முக்கால்வாசி பேரு முதல்ல கேக்கது "எந்த அருவியில இருந்து இறங்கலாம்?", அடுத்து "போட் என்ன விலை?". ரெண்டுமே கடைசியில வரவேண்டிய கேள்வி. புதுசா வாரவங்க தடுமாறுற இடம் எல்லாத்தையும் பக்கத்துல நின்னு பாத்ததுல ஒண்ணு தெளிவா தெரியுது, தைரியம் இல்லாம யாரும் மாட்டிக்கிடல, வரிசை மாறினதாலதான் மாட்டுதாங்க. அதனால கீழ உள்ளத வரிசையாவே படிங்க. 8-வது படி கைவராம 9-வதுக்கு போகாதீங்க. இத படிச்சிட்டு தனியா இறங்கவும் செய்யாதீங்க, ஒவ்வொரு படிக்கும் பக்கத்துல தெரிஞ்ச ஆளு ஒருத்தர் இருக்கணும்.

1. முதல்ல இடம்: எங்க இறங்கக்கூடாது

குற்றாலம், அகஸ்தியர் அருவி, மணிமுத்தாறு அருவி, பாணதீர்த்தம். ஊர்ல அருவின்னா இந்த பேருங்கதான் வரும், இதுல எதுலயும் கயாக் கிடையாது. சட்டம் மட்டும் காரணமில்ல. ஒரு அருவியில போட் விழணும்னா அடியில ஆழமான கசம் வேணும், அந்த கசத்துல இருந்து தண்ணி வெளிய போக தெளிவா வழி இருக்கணும். குற்றாலம் மெயினருவியில தண்ணி நேரா கீழ வாரதில்ல, நடுவுல பொங்குமாங்கடல்ங்கிற பாறைப்பள்ளத்துல விழுந்து வேகம் தணிஞ்சு அதுல இருந்து பொங்கி வழிஞ்சுதான் நம்ம தலையில கொட்டுது, அதனாலதான் அடியில நின்னு குளிக்கவே முடியுது. போட்டுக்கு பாத்தா மேல ஒரு குழி, கீழ வெறும் பாறைத்தளம், அவ்வளவுதான். பாணதீர்த்தமும் மணிமுத்தாறு அருவியும் களக்காடு முண்டந்துறைக்குள்ள கிடக்கு, 1988-ல இருந்து அது புலிகள் காப்பகம், வனத்துறைக்கு தெரியாம துடுப்போட உள்ள போனா கேஸ்தான்.

அப்போ மிச்சம் இருக்கது பாபநாசத்துக்கு கீழ உள்ள ஆறு. அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, சேரன்மகாதேவி பக்கம் சாதாரண நாள்ல ஓடுற தண்ணி கிரேடு 1, அங்கங்க பாறை கிடக்குற இடத்துல 2. (ஆத்தோட கஷ்டத்த 1-ல இருந்து 6 வரை கிரேடு போட்டு சொல்லுவாங்க, 1-னா சும்மா சலசலப்பு, 6-னா உயிரோட விளையாட்டு.) ரீல்ஸ்ல பாக்குற நுரைத்தண்ணி இங்க இல்ல, அத எதிர்பாத்து வராதீங்க. கத்துக்கிடதுக்கு இத விட நல்ல ஆறு கிடையாது, அது வேற விஷயம்.

இங்க ஆள கொல்லுறது பாறையோ வேகமோ இல்ல, அணைக்கட்டு. கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம்னு எட்டு அணைக்கட்டு குறுக்க கிடக்கு. பாக்க நாலஞ்சு அடி சறுக்கல் மாதிரி சாதுவா இருக்கும், "இதுல இறங்கிரலாம்ல அண்ணாச்சி"ன்னு எல்லா பயலும் கேப்பான். தண்ணி அணைக்கட்ட தாண்டி விழுந்ததும் அடியில போயி, மேல் தண்ணி திரும்ப அணைக்கட்ட பாத்து ஓடிவரும். கிரைண்டர்ல மாவ எவ்வளவு தள்ளிவிட்டாலும் சுத்தி உள்ளயே வருமே, அதே கதைதான், விழுந்த மரக்கட்டை, பிளாஸ்டிக் கேன் எல்லாம் அங்கனயே நாள் கணக்கா உருண்டுகிட்டு கிடக்கும். இயற்கையான பாறைச் சுழின்னா ஓரத்துல எங்கயாவது ஒரு இடைவெளி இருக்கும். அணைக்கட்டு கரைக்கு கரை ஒரே மட்டமா கட்டினது, பக்கவாட்டுல தப்பிக்க வழி இல்ல. தண்ணியில காத்து கலந்து நுரையா இருக்கதால லைஃப் ஜாக்கெட்டும் முழுசா தூக்காது.

அதனால கிளம்புறதுக்கு முந்தியே சாட்டிலைட் மேப்ல அணைக்கட்ட எல்லாம் குறிச்சுக்கிடுங்க, கரையேறுற இடம் அதுக்கு நல்லா மேலயே இருக்கணும். தண்ணியில இருந்து பாத்தா அணைக்கட்டு தெரியவே தெரியாது, ஆறு ஒரு நேர்கோட்டுல முடிஞ்சமாதிரி இருக்கும், அந்தப் பக்கத்து மரத்தோட தலை மட்டும் தெரியும், அடிமரம் தெரியாது. அத பாத்த உடனே கரை. போட்ட தோள்ல தூக்கி சுத்தி நடந்து கீழ போயி இறக்கணும், இதுல கௌரவம் பாக்க ஒண்ணுமில்ல.

2. தண்ணி எவ்வளவு வருதுன்னு பாக்க பழகுங்க

பேப்பர்ல தினமும் அணை நிலவரம் போடுவான், நம்ம வீட்டு பெருசுங்க பாத்துட்டு "பாவநாசம் நூறு தாண்டிட்டு"ன்னு சொல்லும்லா, அதேதான். பாபநாசம் 143 அடி, சேர்வலாறு 156, மணிமுத்தாறு 118, இது முழுக்கொள்ளளவு. இதுக்கு பக்கத்துல நீர்மட்டம் நின்னு மலையில மழையும் பெஞ்சா எப்ப வேணாலும் உபரி திறப்பாங்க, அன்னைக்கு ஆத்துப்பக்கமே போகாதீங்க.

அடுத்து வெளியேற்றம். ஒரு கனஅடின்னா நொடிக்கு 28.3 லிட்டர். ஆயிரம் கனஅடின்னா ஒவ்வொரு நொடியும் 28 டன் தண்ணி உங்கள தாண்டி போகுது. இந்த கணக்க ஒருதரம் மனசுல போட்டுக்கிட்டா "ஆயிரம்தானே"ங்கிற பேச்சு வராது.

மழையே இல்லாத நாள்லயும் மட்டம் மாறும், ஏன்னா பாபநாசத்துல கரண்ட் எடுக்காங்க, மிஷின் ஓடுறத பொறுத்து தண்ணி கூடும் குறையும். பேப்பர்ல வாரது காலையில எடுத்த கணக்கு, இப்போதைய நிலவரம் அணைக்கட்டுல நின்னு தண்ணி திறந்து அடைக்குற லஸ்கருக்குத்தான் தெரியும். "அண்ணாச்சி, இன்னைக்கு தண்ணி கூடுமா?"ன்னு கேட்டா "மத்தியானத்துக்கு மேல கூட விடுதாக தம்பி, அதுக்குள்ள ஏறிருங்க"ன்னு ஒரே வரியில சொல்லிருவாரு. எந்த ஆப்பும் இத சொல்லாது.

கரையில போட்ட நிறுத்துனதும் தண்ணி ஓரத்துல ஒரு குச்சிய குத்தி வைங்க. சாப்பிட்டு முடிச்சிட்டு பாக்கும்போது குச்சி நனைஞ்சு உள்ள போயிருந்தா தண்ணி ஏறுதுன்னு அர்த்தம். தண்ணி செம்மண் கலருக்கு மாறுதா, சருகும் சுள்ளியும் மிதந்து வருதா, உடனே மேடேறுங்க. 2023 டிசம்பர் வெள்ளத்துல குறுக்குத்துறை கோயில் முங்கி கொக்கிரகுளத்துல தண்ணி ஊருக்குள்ள வந்தத பாத்தவங்களுக்கு இத விளக்க வேண்டாம்.

புதுசா இறங்க நல்ல மாசம் ஜனவரி, பிப்ரவரி. வடகிழக்கு மழை ஓஞ்சிருக்கும், பிசான நெல்லுக்கு தண்ணி விட்டுக்கிட்டு இருப்பாங்க, ஆறு மிதமா ஓடும்.

3. நீச்சல்: கிணத்து நீச்சல் பத்தாது

நமக்கெல்லாம் கிணத்துல தள்ளிவிட்டு கத்துக்கொடுத்த நீச்சல். மூச்சடக்க, முங்க, பயமில்லாம இருக்க அது உதவும். ஓடுற தண்ணியில நீந்துறது வேற.

போட்ட விட்டு விழுந்துட்டா மல்லாக்க படுங்க, கால் ரெண்டும் தண்ணி போற திசையில, பாதம் மேல தெரியணும், இடுப்ப தூக்கி வைக்கணும். பாறை வந்தா கால் முதல்ல முட்டும், தலை தப்பிக்கும். இது காத்துக்கிட்டு இருக்க நேரத்துக்கான நிலை. கரைக்கோ பாறைக்கு பின்னால உள்ள அமைதியான தண்ணிக்கோ போக வாய்ப்பு கிடைச்சதும் குப்புற திரும்பி, ஓட்டத்துக்கு சாய்வா மூச்சப்பிடிச்சு அடிச்சு நீந்தணும். நேர் எதிர்க்க நீந்துறவன் தோத்துப்போவான், எவ்வளவு பெரிய நீச்சக்காரனா இருந்தாலும் சரி.

முக்கியமான தப்பு இதுதான்: முழங்காலுக்கு மேல ஓடுற தண்ணியில எந்திரிச்சு நிக்கப் பாக்கது. பாதம் ரெண்டு பாறைக்கு நடுவுல சிக்குச்சின்னா தண்ணி முதுகுல தள்ளி ஆள மடக்கி முக்கிரும், இடுப்பளவு தண்ணியே போதும். கை தரைய தொடுற ஆழம் வர்ற வரைக்கும் நிக்காதீங்க. நம்ம ஆத்துல மணல் அள்ளின குழி வேற கிடக்கு, ஒரு எட்டு முழங்கால், அடுத்த எட்டு கசம்.

ஒரே ஒரு விதிவிலக்கு. முன்னால விழுந்த மரமோ முள்ளோ இருந்து விலக வழியில்லேன்னா காலக் கொடுக்காதீங்க, கால் அடியில போயி மாட்டிக்கிடும். குப்புற திரும்பி, மரத்த பாத்து வேகமா நீந்தி, மேல தொத்தி ஏறணும்.

போட் வாங்குறதுக்கு முந்தி ஜாக்கெட்டும் ஹெல்மெட்டும் போட்டுக்கிட்டு இத மட்டும் திரும்பத் திரும்ப பழகுங்க. இது பாதி பேருக்கு போரடிக்கும், அதுல ஓடிப்போறவங்க போகட்டும்.

4. சாமான்: எத முதல்ல வாங்கணும்

ஜாக்கெட், ஹெல்மெட், ஷூ. இது மூணும் சொந்தமா. மத்ததெல்லாம் வாடகைக்கோ இரவலோ.

ஜாக்கெட் துறைமுகத்துல தொங்குற ஆரஞ்சு கலர் கழுத்துப்பட்டி ரகம் வேண்டாம், அத போட்டா துடுப்பே சுத்தமுடியாது, கவுந்தா மூஞ்சிக்கு ஏறி வந்துரும். ஆத்துக்குன்னு செய்யுறது 70 நியூட்டன் மிதப்பு இருக்கும், கை அசைக்க தோள் பக்கம் திறந்திருக்கும். போட்டு எல்லா வாரையும் இறுக்கிட்டு கூட்டாளிய விட்டு தோள் வார பிடிச்சு மேல தூக்கச் சொல்லுங்க, காது வரைக்கும் ஏறுச்சின்னா சைஸ் பெருசு.

ஹெல்மெட் பைக் ஹெல்மெட் இல்ல, அது தண்ணிய வாளி மாதிரி மொண்டு கழுத்த இழுக்கும். தண்ணி வடிய ஓட்டை உள்ள, நெத்தியையும் காதோரத்தையும் மூடுற கயாக் ஹெல்மெட். செருப்பு போட்டு வந்தா அன்னைக்கு கரையிலயே உக்காருங்க, கயிறு கட்டுன பழைய கேன்வாஸ் ஷூ போதும்.

துடுப்பு 190-ல இருந்து 200 செமீ. போட்ட பொறுத்தவரை ஆன்லைன்ல வார காத்தடைக்குற போட் ஏரிக்கும் குளத்துக்கும் சரி, பாறை ஆத்துக்கு வேண்டாம். ஆத்துக்கு கடினமான பிளாஸ்டிக்ல ஏறக்குறைய எட்டு ஒன்பது அடி நீளத்துல, மூக்கு தூக்கின, கொள்ளளவு கூடின போட். உள்ள முன்னும் பின்னும் காத்துப்பை வைக்கணும், இல்லேன்னா கவுந்ததும் தண்ணி நிறைஞ்சு போட் தூக்கமுடியாத எடைக்கு வந்துரும், அது பாறையில ஆள நசுக்கும்.

போட்டுக்குள்ள தண்ணி போகாம வாயை மூட இடுப்புல மாட்டுற ஸ்கர்ட், 15-ல இருந்து 20 மீட்டர் மிதக்குற கயிறு உள்ள எறிபை, விசில், கயிறு அறுக்க சின்ன கத்தி. கயிறு கையில இருக்கவன்கிட்ட கத்தியும் இருக்கணும். நம்ம ஆத்துல மீன் வலை குறுக்க கட்டியிருப்பாங்க, அதுக்கும் சேத்துத்தான் சொல்லுதேன்.

5. போட்டுக்குள்ள உக்காருற விதம்

பாதம் மிதிகட்டையில அழுந்தணும், முட்டி வெளியபாத்து விரிஞ்சு தொடை மேல்விளிம்புல ஒட்டணும், இடுப்பு ரெண்டு பக்கமும் பஞ்சுல உரசணும். ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்கிக்கிட்டு இடுப்ப மட்டும் ஆட்டுங்க, போட் கூடவே ஆடணும். ஆடலேன்னா நீங்க போட்டுக்குள்ள சும்மா உக்காந்திருக்கீங்க, ஓட்டல. வசதியா இருக்குன்னு லூசா விட்டாங்கன்னா பின்னால ரோல் (கவுந்த போட்ட உள்ள இருந்தே நிமித்துறது) வராம அழுவாங்க. இறுக்கம் இருக்கணும், ஆனா உருவிக்கிட்டு வெளிய வர முடியணும்.

6. கவுந்து வெளிய வாரது

இத குளத்துலயோ நீச்சல் குளத்துலயோ இடுப்பளவு தண்ணியில செய்யுங்க, பக்கத்துல ஒருத்தர் நிக்கணும். ஊர்க்குளம்னா ஊர்க்காரங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டு இறங்குங்க, மீன் ஏலம் விட்டிருப்பாங்க.

முதல் தடவை ஸ்கர்ட் இல்லாம, அடுத்து ஸ்கர்ட்டோட. ஸ்கர்ட்ட மாட்டும்போது முன்னால உள்ள இழுவளையம் வெளிய தொங்குதான்னு கையால தொட்டு பாருங்க. புதுசா வாரவங்க அவசரத்துல வளையத்தையும் சேத்து உள்ள மடிச்சு மாட்டிருவாங்க, அப்புறம் தலைகீழா தொங்கும்போது பிடிக்க ஒண்ணும் இருக்காது. ஒவ்வொரு தடவையும், கரைய விட்டு கிளம்பும்போதெல்லாம், கூட்டாளியோட வளையத்தயும் பாக்கணும், இத ஒரு பழக்கமாவே வச்சுக்கிடுங்க.

கவுந்ததும் நடக்கவேண்டியது இந்த வரிசையில. உடம்ப முன்னால மடக்கி மூக்கு போட்ட தொடுற மாதிரி குனியணும், முகம் பாறையில படாம இருக்க இதுதான் வழி. போட் அடிப்பாகத்த ரெண்டு கையாலயும் மூணு தட்டு தட்டணும், இது கூட்டாளிக்கு சத்தம் கொடுக்க மட்டுமில்ல, அந்த மூணு தட்டுல மனசு நிதானத்துக்கு வந்துரும். அப்புறம் விளிம்ப தடவி முன்னால போயி வளையத்த பிடிச்சு, முதல்ல முன்னால தள்ளி அப்புறம் முகத்துப்பக்கம் இழுக்கணும். நேரா இழுத்தா ரப்பர் விளிம்ப விட்டு கழலாது. கழண்டதும் கை ரெண்டையும் இடுப்புப்பக்கம் விளிம்புல வச்சு, பேண்ட கழட்டுறமாதிரி போட்ட உடம்பை விட்டு தள்ளணும், குனிஞ்ச நிலையிலயே.

நான் பாக்குற தப்பு எல்லாம் ஒண்ணுதான்: கவுந்த அடுத்த நொடியே தலைய பக்கவாட்டுல தூக்கி மூச்சு வாங்கப் பாப்பாங்க. கழுத்து முறுகும், முட்டி விளிம்புல இறுகும், கை வளையத்த விட்டு காத்துல துழாவும். தண்ணிக்கு மேல பாத்தா ரெண்டு விரல் நுனி மட்டும் போட்டுக்கு பக்கத்துல படபடன்னு அடிக்கும், அத பாத்ததும் பக்கத்துல நிக்கவர் போட்ட புரட்டிரணும். அப்படி புரட்டினவங்கள திட்டாதீங்க, கொஞ்சம் உக்காரவச்சு திரும்ப செய்யச் சொல்லுங்க.

வெளிய வந்ததும் ஒரு கையில போட்டு, ஒரு கையில துடுப்பு. துடுப்ப விட்டா அது முக்கூடலுக்கு போயிரும், நாம தேடிக்கிட்டு நடக்கணும். போட்டுக்கு மேல் பக்கம், அதாவது தண்ணி வர்ற பக்கம் நில்லுங்க, கீழ்ப்பக்கம் நின்னா போட்டுக்கும் பாறைக்கும் நடுவுல மாட்டுவீங்க.

பதட்டமே இல்லாம, அரைத்தூக்கத்துல செய்யுற அளவுக்கு வந்தாத்தான் ஆத்துக்கு போகணும்.

7. துடுப்பு, சாய்ப்பு

ஆத்துக் கயாக் நேரா போகாது, சுத்தும். எல்லாரும் முதல் அரைமணி நேரம் சுத்தி சுத்தி எரிச்சலாவாங்க. அது திரும்புறதுக்குன்னே செஞ்சது, கையால பிடிச்சு இழுக்காதீங்க, வயித்துல இருந்து உடம்ப திருப்பி துடுப்ப போடுங்க. கை மட்டும் வேலை செஞ்சா பத்து நிமிஷத்துல தோள் வலிக்கும்.

அடுத்தது சாய்ப்பு. உடம்ப நிமிர்த்தி வச்சுக்கிட்டு ஒரு தொடைய மட்டும் தூக்கி போட்ட ஒருபக்கமா சாய்க்கணும், தலை போட்டுக்கு நேர் மேல இருக்கணும். உடம்போட சேந்து சாஞ்சா கவுந்துருவீங்க. இத ரெண்டு பக்கமும் பழகுங்க, 9-வது படி முழுக்க இதுமேலதான் நிக்குது.

கவுறாம இருக்க துடுப்ப தண்ணியில அமுக்கி முட்டுக்கொடுக்கும்போது முழங்கை உடம்ப ஒட்டி தாழ இருக்கணும். கைய தோளுக்கு மேல தூக்கி பின்னால போக விட்டீங்கன்னா தோள்மூட்டு கழண்டுரும். கயாக் ஓட்டுறவங்களுக்கு அடிக்கடி வார காயம் இது.

8. ரோல்

கவுந்த போட்ட உள்ள இருந்துக்கிட்டே நிமித்துறது. கை பலம் தேவையில்ல, இடுப்பு வெட்டுதான். முதல்ல கரையோரப் படியவோ கூட்டாளி கையவோ பிடிச்சுக்கிட்டு, போட்ட இடுப்பால மட்டும் நிமித்த பழகுங்க. போட் நிமிரும்போது தலை கடைசியா தண்ணிய விட்டு வரணும். மூச்சுக்கு அவசரப்பட்டு தலை முதல்ல வந்துச்சுன்னா, அந்த எடைய சமாளிக்க போட் மறுபடியும் உள்ள போயிரும். தலை தூக்காம இருக்க ஒரு உபாயம்: துடுப்போட இலையவே பாத்துக்கிட்டு இருங்க.

மூக்குக்கு கிளிப் போட்டுக்கிடுங்க. குளத்துல பத்துக்கு எட்டு வந்தா ஆத்துல பாதி வரும், இந்த கணக்க மனசுல வச்சு எங்க இறங்கலாம்னு முடிவு பண்ணுங்க.

9. பாறைக்கு பின்னால: எடி

குறுக்குத்துறை படித்துறையில தண்ணி மிதமா ஓடுற நாள்ல உக்காந்து முருகன் கோயில பாருங்க. தண்ணி மோதுற பக்கத்த படகு மூக்கு மாதிரி கூரா கட்டியிருக்காங்க, ஓட்டம் அங்க ரெண்டா பிரிஞ்சு போகும். கோயிலுக்கு பின்னால பாத்தா மிதக்குற பூவும் இலையும் கீழ போகாம மெதுவா மேல் பக்கம் திரும்பி வரும். இதுதான் எடி. பெரிய பாறை, வளைவு, எல்லாத்துக்கும் பின்னால இது இருக்கும், நுரைத்தண்ணியில நமக்கு இதுதான் பஸ் ஸ்டாப்பு, ஒவ்வொண்ணா பிடிச்சு பிடிச்சுத்தான் இறங்கணும்.

ஓட்டமும் எடியும் சேருற இடத்துல ஒரு கோடு தெரியும், சின்னச் சின்ன சுழியா. அந்த கோட்ட ஏறக்குறைய 45 டிகிரியில வேகத்தோட வெட்டணும். பைய போனீங்கன்னா கோட்டுலயே நின்னு சுத்துவீங்க. வெட்டினதும் திரும்புற பக்கம் சாய்க்கணும்: எடிக்குள்ள நுழையும்போது மேல்பக்கமா, எடியில இருந்து ஓட்டத்துக்கு வரும்போது கீழ்பக்கமா. விதி ஒண்ணுதான், புது தண்ணி எந்தப் பக்கத்துல இருந்து வந்து மோதுதோ அந்தப் பக்கத்து விளிம்ப தூக்கிக்கொடு. மறந்தா தண்ணி விளிம்புமேல ஏறி ஒரே புரட்டு, யோசிக்கவே நேரம் இருக்காது. பயத்துல எல்லாரும் எதிர்ப்பக்கம்தான் சாய்வாங்க.

இது வந்ததும் பெர்ரி. போட் மூக்க மேல்பக்கம் கொஞ்சம் சாய்வா வச்சு துடுப்பு போட்டா கீழ இழுபடாம எதிர்க்கரைக்கு போகலாம். அணைக்கட்டுக்கு மேல மாட்டிக்கிட்டவன காப்பாத்துறது இந்த ஒரு வித்தைதான், அதனால கரைக்கு கரை போயிட்டு வந்துக்கிட்டே இருங்க.

10. தண்ணிய படிக்கிறது

கீழ்ப்பக்கம் கூரா வழுவழுன்னு போற நாக்கு தெரிஞ்சா அது வழி. கூரு உங்கள பாத்து இருந்தா அங்க பாறை இருக்கு. நுரை கீழ இருந்து மேல திரும்பி உருண்டுச்சுன்னா சுழி, அதோட ரெண்டு ஓரமும் கீழ்பக்கம் வளைஞ்சிருந்தா தப்பிக்கலாம், மேல்பக்கம் வளைஞ்சிருந்தா விடாது.

மரத்த தனியா சொல்லணும். வெள்ளத்துல சாஞ்ச மருதமரம், கரையில இருந்து ஆத்துக்குள்ள வளந்த சீமைக்கருவேலம், இதெல்லாம் தண்ணிய விடும், ஆள விடாது. ஓட்டம் அங்க நிக்காம வடிஞ்சு போறதால எடி இருக்காது, தள்ளிக்கிட்டே இருக்கும். போன வாரம் ஓட்டின இடம்தானேன்னு நினைக்காதீங்க, ஒரு மழைக்கு மரம் இடம் மாறியிருக்கும்.

கண்ணுக்கு தெரியாத வளைவு வந்தா கரையேறி நடந்து பாத்துட்டு வாங்க. பாத்துட்டு "ஓட்டலாமா?"ன்னு கேக்காதீங்க, "கவுந்தா எங்க போயி சேருவேன்?"னு கேளுங்க.

11. கூட்டாளி, கயிறு, சைகை

குறைஞ்சது மூணு பேரு. ஒருத்தன் மாட்டினா ஒருத்தன் கயிறு, ஒருத்தன் ஆள் கூப்பிட.

ஆத்துச்சத்தத்துல கத்தினா கேக்காது. துடுப்ப செங்குத்தா தூக்கினா வரலாம், படுக்கையா தூக்கினா நில்லு, ஒருபக்கம் சாச்சா அந்தப் பக்கமா போ. எப்பவும் போகவேண்டிய பக்கத்தத்தான் காட்டணும், ஆபத்து இருக்க பக்கத்த காட்டாதீங்க. விசில் மூணு தரம்னா ஆபத்து.

எறிபைய வீசும்போது பேரச் சொல்லி கூப்பிட்டு, அவன் பாத்ததும் தலைக்கு மேலயா தாண்டி வீசணும், முன்னால விழுந்தா எட்டாது. கயித்த கையில சுத்திக்கிடாதீங்க, இடுப்புல கட்டிக்கிடவே கூடாது. பிடிச்சவன் கயித்த தோளுக்கு மேல வச்சு மல்லாக்க திரும்பணும், மூஞ்சில தண்ணி அடிக்காது.

12. அசல் நுரைத்தண்ணிக்கு எங்க போகலாம்

மேல உள்ளதெல்லாம் வந்துட்டா கேரளாவுக்கு போங்க. கோழிக்கோடு ஜில்லாவுல கோடஞ்சேரி, புலிக்கயம், துஷாரகிரி பக்கம் சாலிப்புழாவும் இருவஞ்சிப்புழாவும் தென்மேற்கு மழைக்கு நிறைஞ்சு ஓடும். மலபார் ரிவர் ஃபெஸ்டிவல்னு வெள்ளைக்காரங்களும் நம்ம ஆளுங்களும் வந்து போட்டி ஓட்டுறது இங்கதான். நாம பாலருவி எக்ஸ்பிரஸ்ல பாலக்காடு போயி அங்க இருந்து கோழிக்கோடு மாறிக்கிடலாம். போட்டி நாள்ல கரையில நின்னு பாருங்க, சொந்தமா இறங்குறதுக்கு அந்த ஆறு தெரிஞ்ச உள்ளூர் ஆளு கூட வேணும். அங்க மழை ஒரு மணி நேரம் பெஞ்சா ஆறு வேற ஆறாயிரும்.

13. இப்போ அருவி

2009-ல டைலர் பிராட் அமெரிக்காவுல பலூஸ் அருவியில 189 அடி இறங்கின வீடியோவத்தான் எல்லாரும் அனுப்புதாங்க. அடியில எவ்வளவு பெரிய வட்டமான கசம் கிடக்குன்னு அந்த வீடியோவுல பாருங்க. நாம ஆரம்பிக்கது மூணு, நாலு அடி.

கோடையில தண்ணி வத்தினப்போ போயி அருவியடிய பாத்து வச்சவங்கதான் மழையில இறங்கணும். பாறை நீட்டிக்கிட்டு இருக்கா, தண்ணித் திரைக்கு பின்னால குகை இருக்கா, தண்ணி விழுந்து எந்தப் பக்கம் வெளிய போகுது, இதெல்லாம் அப்போதான் தெரியும். குகை இருந்தா அந்த அருவி வேண்டாம்.

சின்ன இறக்கத்துல மூக்கு அடியில போகாம பாக்கணும். விளிம்புக்கு வரும்போது துடுப்ப நிறுத்தாதீங்க, வேகம் இருக்கணும். விளிம்புக்கு அந்தப்பக்கம் இலைய நீட்டி ஒரே இழுப்பு, அதே நேரத்துல இடுப்ப முன்னால தள்ளி முட்டிய மேல தூக்கணும், போட் மூக்கு தூக்கிக்கிட்டு சுழிய தாண்டி விழும். விழுந்ததும் உடம்பு முன்னால, உடனே அடுத்த துடுப்பு. புதுசுங்க விளிம்புல பயந்து பின்னால சாய்வாங்க, அப்போ வால் அமுங்கி சுழி பின்னால இருந்து இழுத்துரும்.

உயரம் கூடக்கூட இது தலைகீழ். உயரத்துல இருந்து போட் மட்டமா விழுந்தா அடி அப்படியே முதுகெலும்புக்கு போகும், கீழ நுரை இல்லாத பச்சைத்தண்ணியா இருந்தா இன்னும் மோசம். அதனால மூக்கு சாஞ்சு உள்ள குத்தணும், உடம்ப முன்னால மடக்கி துடுப்ப பக்கவாட்டுல ஒட்டி வைக்கணும். துடுப்பு முகத்துக்கு நேர இருந்தா மூக்கோ பல்லோ போயிரும்.

முதல் ஆள் இறங்குறதுக்கு முந்தியே அடியில ரெண்டு பேரு கயித்தோட நிக்கணும், ஒருத்தர் கரையில, ஒருத்தர் போட்ல. இறங்கின ஆளுக்கு முதுகுல சுரீர்னு வலிச்சா, கால் மரத்தா, எந்திரிச்சு நடந்து வரச்சொல்லாதீங்க, கழுத்தையும் முதுகையும் அசைக்காம போட்டோட கரைக்கு கொண்டுவந்து 108-க்கு அடிங்க. வலி லேசா இருந்தாலும் அன்னைக்கு ஓட்டம் முடிஞ்சுது, எக்ஸ்ரே பாக்காம அடுத்த இறக்கம் கிடையாது.